கயிற்றுக்குப் பொறுப்பாளி யார்?



இந்த மாதம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். குற்றவாளி வேறு யாருமல்லர். இந்தப் பக்கத்தை எழுதுபவனேதான்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை மரங்கள் உண்டு. ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை ஒரு பெரியவர் வந்து காய் பறித்துக் கொடுப்பார். காலில் மாட்டிக்கொள்ள ஒரு தளைக் கயிறு, இடுப்பில் செருகிய அரிவாள். அவருடைய கருவிகள் அவ்வளவுதான். ஒருமுறை என் மனைவி அந்தத் தளையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கயிறு நைந்து போயிருக்கிறதே, வேறு மாற்றக் கூடாதா?" என்று கேட்டார். "பழகிப்போச்சு பாயம்மா, இதுதான் கால்ல நல்லா உட்காருது" என்று சிரித்துவிட்டு ஏறிவிட்டார். நாங்களும் அதைப் பழக்கமாகவே எடுத்துக்கொண்டு மறந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். வீட்டில் திருமணம். வலீமா விருந்துக்குத் தேங்காய் வேண்டும் என்று அவரை அழைத்தோம். இரவெல்லாம் தூறல் விழுந்து விடிந்த காலை. மரத்தைத் தடவிப் பார்த்தவர், "பாசி வழுக்குது பாய், ரெண்டு நாள் பொறுத்து ஏறலாமா?" என்று கேட்டார். கடையில் வாங்கினால் சில நூறு ரூபாய் கூடுதலாகும், வேறொன்றுமில்லை. ஆனால் நான், "நாளைக்கு விருந்து, பார்த்து ஏறுங்கள்" என்று சொன்னேன். அவர் ஏறினார். காய்களையும் பறித்துப் போட்டார். இறங்கும்போது பாதி மரத்தில் கால் வழுக்கியது. குதிகாலும் முதுகெலும்பும் முறிந்தன. அல்லாஹ்வின் கருணையால் உயிர் பிழைத்தார். இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் மரம் ஏறும் தொழில் அன்றோடு முடிந்தது.

மருத்துவமனையில் பார்க்கச் சென்றபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மரத்து மேலயும் குத்தமில்ல பாய், மழை மேலயும் குத்தமில்ல" என்றார். மீதமிருப்பவன் யார் என்பதை அவர் சொல்லவில்லை. அதை நானே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தவக்குலும் தளைக் கயிறும்

இத்தகைய விபத்து நேரும்போது நம்மில் பலர், "தக்தீர், நடக்க வேண்டியது நடந்தது" என்று சொல்லி அமைதி அடைகிறோம். விதியை நம்புவது ஈமானின் அம்சம், அதில் ஐயமில்லை. ஆனால் விதியைக் காட்டி நம் கவனக்குறைவை மூடி மறைக்க மார்க்கம் இடம் தரவில்லை. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்ட மனிதரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. தடுப்புச் சுவரில்லாத மேல்தளத்தில் ஒருவர் இரவில் உறங்கினால், அவரைக் குறித்த பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடும் என்பது அதன் கருத்து. உயரமான இடம், விழும் ஆபத்து, தடுப்பு என்ற மூன்றையும் இணைத்துப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு எச்சரிக்கை தரப்பட்டிருக்கிறது. உறங்குபவருக்கே தடுப்பு வேண்டுமென்றால், நாற்பதடி உயரத்தில் ஒரு கையில் அரிவாளுடன் வேலை செய்பவருக்கு எவ்வளவு வேண்டும்!

ஒன்றரை நொடிக் கணக்கு

நாற்பதடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அப்போது அவர் உடலின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். அதாவது, ஓடும் பேருந்தின் வேகத்தில் ஒரு மனிதர் மண்ணில் மோதுகிறார். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்குகிறது. அந்த அதிர்ச்சி மேலேறி, மார்பு முள்ளெலும்பும் இடுப்பு முள்ளெலும்பும் சேருமிடத்தில் முதுகுத் தண்டை நசுக்குகிறது. அதனால்தான் மரத்திலிருந்து விழுந்தவர்களில் பலர் உயிர் தப்பியும் கால்களை இழக்கிறார்கள். சாலை விபத்து, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றால் முதுகுத் தண்டு பழுதுற்றோருக்கு மறுவாழ்வு தர, நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் 1966இல் ஒரு மறுவாழ்வு நிலையமே தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். விழுதல் என்பது வயோதிகருக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. ஏழைத் தொழிலாளியின் சங்கதியும்கூட.

பேரீச்ச மரத்தில் ஏறுவோர்

தளை என்பது ஏறுவதற்கு உதவும் கருவியே அன்றி, விழாமல் காக்கும் கருவி அன்று. இரு பாதங்களையும் மரத்தோடு அழுத்திப் பிடிக்க அது உதவுகிறது. கை நழுவினால் தளை தாங்காது. நம் தென்னை ஏறிகளில் பெரும்பாலோர் இந்த ஒன்றை மட்டுமே நம்பி மேலே செல்கிறார்கள்.

அரபு நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களில் வேறு வழக்கம் உண்டு. அங்கே மரமேறுபவர் தம் முதுகையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றி வரும் ஓர் அகன்ற கச்சையை அணிகிறார். ஈராக்கில் அதற்குத் 'தப்லிய்யா' என்று பெயர். முதுகைச் சாய்க்கும் பகுதி அகலமாகவும், மரத்தைச் சுற்றும் பகுதி உறுதியான வடமாகவும் அமைந்திருக்கும். கச்சையில் சாய்ந்துகொண்டு, இரு கைகளும் ஓய்வாக இருக்க, அவர் மகரந்தம் சேர்க்கிறார்; குலை அறுக்கிறார். பேரீச்சை சார்ந்த அறிவையும் வழக்கங்களையும் 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

ஆயினும் அந்தக் கச்சையை அப்படியே கொண்டுவந்து நம் தென்னையில் கட்டிவிட முடியாது. பேரீச்சையில் வெட்டிய மட்டைகளின் அடிகள் படிக்கட்டுபோல் நிற்பதால், வடம் அவற்றில் பற்றிக்கொள்ளும். தென்னையின் தண்டோ வழுவழுப்பானது; அதில் வடம் சறுக்கும். ஆகவே நமக்கு நம் மரத்திற்கேற்ற ஏற்பாடு தேவை.

நம் நாட்டின் கருவிகள்

அந்த ஏற்பாட்டை நம் நாட்டவரே செய்திருக்கிறார்கள். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்பவர், பள்ளிப்படிப்பால் பெற்ற பட்டம் எதுவுமின்றித் தம் அனுபவத்தால் ஒரு மரமேறும் கருவியை வடிவமைத்தார். வலக்காலுக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று என இரு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வரும் எஃகு வடம். ஆளின் எடை விழும்போது வடம் மரத்தை இறுகப் பற்றும்; எடையை எடுத்தால் தளரும். படியேறுவதுபோல் மாறி மாறிக் கால் வைத்து மேலே செல்லலாம். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், உட்கார்ந்தபடி ஏறும் வகைக் கருவியைப் பரவலாக்கியது.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 ஆகஸ்டில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தைக் கேரளத்தில் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சியும் ஏறும் கருவியும் வழங்கப்பட்டன. பரம்பரைத் தொழிலாகக் கருதப்பட்ட இதில் படித்த இளைஞர்களும், குறிப்பிடத்தக்க அளவில் பெண்களும் சேர்ந்தார்கள். பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் இத்திட்டம் பரவியது. 'கேர சுரக்ஷா' என்ற பெயரில் மரமேறிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும் வாரியம் ஏற்படுத்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவி இருந்தால் விழமாட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தலை சுற்றினாலோ, குளவி கொட்டினாலோ, கருவியில் நிற்பவரும் கைவிட்டு விழக்கூடும். இதை உணர்ந்தே காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், செம்பேரிக் கருவியோடு இணைக்கக்கூடிய தனிப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கியது. ஏற ஒரு கருவி, விழாமல் காக்க மற்றொன்று. இவை இரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இழை பார்க்கும் கண்

விழாமல் காக்கும் கருவிகளில் முதன்மையானது முழு உடல் கச்சை. கட்டுமானத் தொழிலாளர்கள் அணியும் 'ஹார்னஸ்' அதுவே. இடுப்பில் மட்டும் கட்டும் கயிறு, நிலையாக நின்று வேலை செய்ய உதவலாம்; ஆனால் விழும் உடலை அது வெட்டென்று நிறுத்தும்போது வயிற்று உறுப்புகளும் முதுகெலும்பும் சேதமடையும். முழு உடல் கச்சையோ அந்த வேகத்தைத் தொடை, இடுப்பு, மார்பு எனப் பகிர்ந்துகொள்கிறது. வாங்கும்போது இந்தியத் தர எண் ஐ.எஸ். 3521 பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைக்கவசத்திற்கு ஐ.எஸ். 2925. அதில் தாடைப் பட்டி அவசியம். பட்டியில்லாத கவசம் ஆளுக்கு முன்பே தரைக்கு வந்துவிடும்.

கச்சையின் கயிறு மரத்தண்டைச் சுற்றியே கட்டப்பட வேண்டும். மட்டையிலோ குலைக் காம்பிலோ கட்டக் கூடாது. காய்ந்த மட்டை பிடித்த கையோடு வந்துவிடும் என்பது மரமேறிகள் அறிந்த உண்மை. அரிவாள் புழங்கும் இடத்தில் நூல் கயிறு அறுபடக்கூடும் என்பதால், உள்ளே எஃகு வடம் ஓடும் கயிறே ஏற்றது. ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய கச்சையையும் கயிற்றையும் மறுமுறை பயன்படுத்தலாகாது. வெளியே தெரியாமல் உள்ளே இழைகள் அறுந்திருக்கும்.

இழை பார்ப்பது காஞ்சிபுரத்தாருக்குச் சொல்லித்தர வேண்டிய கலையா? பாவில் ஒரே ஓர் இழை அறுந்தாலும் நம்மூர் நெசவாளி தறியை நிறுத்திவிடுவார். அதை முடிந்த பிறகே நாடா மீண்டும் ஓடும். ஒரு பட்டுப் புடவையின் அழகுக்காக அத்தனை ஆயிரம் இழைகளையும் காக்கும் ஊரில், ஒரு மனிதரின் உயிரைத் தாங்கும் கயிற்றை ஒருமுறை விரலால் உருவிப் பார்க்க நமக்கு நேரமில்லாமல் போகலாமா? வெட்டு, பிசிறு, வெயிலில் வெளிறிய நிறம், பிரிந்த தையல், துருவேறிய கொக்கி. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அன்று ஏற்றம் இல்லை.

வீட்டாரின் கடமை

நம் பணியாளர்கள் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது. ஏற்றினால் நாமும் கூடவே நின்று உதவ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தது புகாரியில் உள்ளது. மரத்தின் மீது கூட ஏறி நாம் உதவ முடியாது. ஆனால் கீழிருந்து செய்யக்கூடிய உதவிகள் உண்டு.

1. மழை நாளில், பனி ஈரத்தில், பலத்த காற்றில் ஏறச் சொல்லக் கூடாது. "இன்று வேண்டாம்" என்று மரமேறி சொன்னால் அதுவே இறுதித் தீர்ப்பு. கூலி போய்விடுமே என்று அவர் அதைச் சொல்லத் தயங்குவார். எனவே நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும்.

2. மரத்தருகே மின்கம்பி செல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈர மட்டையும் இரும்புத் துரட்டியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் பாயும். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்திற்குத் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

3. குருத்து அழுகிய மரம், வண்டு துளைத்த மரம், குளவிக்கூடு உள்ள மரம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவை வீட்டாருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது.

4. வெறும் வயிற்றோடு வந்தவரை ஏற விடக் கூடாது. முதலில் பசியாறச் சொல்லுங்கள். மது அருந்தி வந்தவரை அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

5. அவர் இறங்கும்வரை ஒருவர் கீழே, காய் விழும் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். கச்சையில் அசைவின்றித் தொங்க நேர்ந்தால் சில நிமிடங்களிலேயே இரத்த ஓட்டம் தடைப்பட்டு ஆபத்தாகும். ஏணி எங்கே, உதவிக்கு யார் என்பது முன்பே முடிவாகியிருக்கட்டும்.

6. புதிதாக மரம் வைப்போர் குட்டை ரகத் தென்னையை நடலாம். தரையில் நின்றே துரட்டியால் பறிக்க முடிந்த காலம்வரை, யாரும் ஏறத் தேவையில்லை. ஏறாமல் இருப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

தென்னைக்குச் சொன்னவை ஏரிக்கரைப் பனைக்கும், சாலையோரப் புளிக்கும் பொருந்தும். நாவற்பழக் காலத்தில் கிளையேறும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். நாவலும் முருங்கையும் சொல்லாமல் முறியும் மரங்கள்.

விழுந்துவிட்டால்

அன்று எங்கள் கொல்லையில் இன்னொரு தவறும் நடந்தது. பதறி ஓடிய நாங்கள், அவருடைய தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். முறிந்த முதுகெலும்பை வளைத்தால், அதுவரை தப்பியிருந்த நரம்பும் அறுந்துபோகக்கூடும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

விழுந்தவரை அசைக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் வழிந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலையும் கழுத்தும் திரும்பாதபடி ஒருவர் இரு கைகளாலும் தாங்கியிருக்க, மற்றொருவர் 108க்கு அழைக்கட்டும். 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் அந்த ஊர்தியில் முதுகு வளையாமல் ஏற்றிச் செல்லும் பலகை உண்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் உடல் முழுவதையும் ஒரே நேர்கோட்டில் அகன்ற பலகைக்கு மாற்ற வேண்டும்.

பள்ளிவாசல் சாமான் அறை

"ஆயிரக்கணக்கில் விலையுள்ள கச்சையை ஓர் ஏழை மரமேறி எப்படி வாங்குவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வீடும் தனியாக வாங்கத் தேவையில்லை. நம் பள்ளிவாசல்களின் சாமான் அறைகளில் திருமணத்திற்குத் தேக்சாக்களும் பாய்களும் இருக்கின்றன. மஹல்லாவாசிகள் எடுத்துச் சென்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அவற்றின் பக்கத்தில் ஒரு முழு உடல் கச்சை, ஒரு தலைக்கவசம், ஒரு மரமேறும் கருவி இருந்தால் என்ன? விருந்துக்கு தேக்சா இரவல் தரும் ஜமாஅத், அந்த தேக்சாவில் விழும் தேங்காயைப் பறிப்பவருக்குக் கச்சை இரவல் தரக் கூடாதா? ஏறுபவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்கத் தேவையில்லை. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் அனைத்தையும் காப்பதற்கு ஒப்பாகும் என்று திருமறை போதிக்கிறதன்றோ!

இன்னொன்றும் செய்யலாம். மத்திய அரசு 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரையுள்ள, வங்கிக் கணக்குடைய எவரும் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ 2 லட்சம் ரூபாயும், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். காப்பீடு குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் நம்மைப் பற்றியது. நம் வீட்டு மரமேறிக்கு இத்தகைய திட்டம் இருக்கிறது என்ற செய்தியைச் சொல்வதும், வங்கிப் படிவத்தை நிரப்ப உதவுவதும் எவருக்கும் தடையல்ல. பனை ஏறுவோருக்குத் தமிழக அரசின் பனைமரத் தொழிலாளர் நல வாரியமும் உண்டு. அதில் பதிவு செய்தாரா என்று விசாரிப்பதும் ஓர் உதவியே. இருபது ரூபாய்க்கு இன்று ஒரு நல்ல தேங்காய்கூட வருவதில்லை!

எங்கள் கொல்லை மரங்களில் இப்போது பெரியவரின் தம்பி மகன் ஏறுகிறார். முதல்முறை கச்சையை நீட்டியபோது, "பெரியப்பா இதெல்லாம் இல்லாமத்தான் முப்பது வருசம் ஏறினாரு பாய்" என்றார். பக்கத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "அதனாலதான் சொல்றேன், மாட்டிக்கடா" என்றார். இளைஞர் மறுபேச்சின்றி மாட்டிக்கொண்டார்.

நம் பொறுப்பிலுள்ளவர்களைக் குறித்து நாளை மறுமையில் நாம் ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவோம். கூலியைக் கொடுத்துவிட்டோம் என்று மட்டும் அன்று பதில் சொல்ல முடியாது. ஒருவரை ஏறச் சொன்னவர் எவரோ, அவரே அந்தக் கயிற்றுக்கும் பொறுப்பாளி.

உயரத்தில் உழைக்கும் ஒவ்வொருவரையும் வல்ல அல்லாஹ் பத்திரமாகத் தரையிறக்கி, அவர்களுடைய பிள்ளைகளிடம் சேர்ப்பானாக! நம் கவனக்குறைவுகளை மன்னித்து, இனியேனும் கண் திறந்து நடக்க நமக்குத் தவ்ஃபீக் தந்தருள்வானாக! ஆமீன்.